சேர்வராயன் மலையின் ஒற்றையடிப் பாதைகள்

ஏரியும் காடும் கூடி ஓர் ஊருக்குப் பெயராயின. ஏரிக்காடு என்பதே மக்கள் நாவில் உருண்டு ஏற்காடு ஆயிற்று என்பர். நீரும் மரமும் பெயரில் இடம்பெற்றுவிட்டன. அவற்றைச் சென்றடைய மனிதர் ஏறிய வழிக்கு மட்டும் அப்பெயரில் இடமில்லை. இன்று சேலத்தில் பேருந்தில் அமர்ந்தால் 20 கொண்டை ஊசி வளைவுகளைச் சுற்றி, ஒரு தூக்கம் தூங்கி எழுவதற்குள் ஏரிக்கரையில் இறங்கிவிடுகிறோம். கடல்மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 280 மீட்டர் உயரத்திலுள்ள நகரிலிருந்து 1,500 மீட்டரை எட்டும் மலையூருக்கு வந்து சேர்ந்தோம் என்பதைக் காதடைப்பும் குளிர்காற்றும்தாம் நமக்குச் சொல்கின்றன. கால்களுக்கு அதில் வேலையே இல்லை. இச்சாலை வருவதற்கு முன் அம்மலையில் ஏறியவர் எவர்? எவ்வழியே ஏறினர்? எவர் தோளில் ஏறினர்? நம்மில் பலர் ஏற்காட்டில் படித்தோம், தியானம் செய்தோம், கோடை விடுமுறையைக் கழித்தோம். எனினும் இவ்வினாக்களை எழுப்பிய நினைவு நமக்கு இல்லை. இம்மாதம் அவற்றைச் சற்றே எண்ணிப் பார்ப்போம்.

சேர்வராயன் மலை கிழக்குத் தொடர்ச்சி மலைகளின் தென்பகுதியைச் சேர்ந்தது. மேற்குத் தொடர்ச்சி மலை நெடுஞ்சுவர் போல நீண்டு கிடக்க, கிழக்கு மலைகளோ சமவெளியின் நடுவே தீவுகள் போலத் தனித்தனியே எழுந்து நிற்கின்றன. சவ்வாது, கல்வராயன், பச்சை, கொல்லி என்னும் அத்தீவுகளின் வரிசையில் சேர்வராயனும் ஒன்று. உச்சியில் கூம்பாக முடியாமல் மேட்டுநிலமாகப் பரந்து, இடையிடையே பள்ளத்தாக்குகளால் பிளவுண்டு கிடக்கிறது. சேர்வராயன் கோவில் அமைந்த முகடு 1,600 மீட்டருக்கும் மேற்பட்ட உயரம் உடையது. அக்கோவிலின் தெய்வமே மலைக்குப் பெயர் தந்தது. ஆங்கிலேயர் நாவில் அதுவே 'செவராய்' எனச் சிதைந்தது. இம்மலையில் பிறக்கும் வாணியாறு வடகிழக்கே இறங்கிப் பெண்ணையாற்றை நாடுகிறது. சரபங்காவும் திருமணிமுத்தாறும் காவிரியைத் தேடிச் செல்கின்றன. ஒரே மழையின் நீர் ஒரு முகட்டில் இரண்டாகப் பிரிந்து இரு பேராறுகளுக்குப் போய்ச் சேர்கிறது. இத்தகைய நீர்ப்பிரிவு மேடுகளின் மீதும் ஓடைகளின் ஓரத்திலுமே பழைய பாதைகள் அமைந்தன. சேலத்திலிருந்து தென்புறமாகவும், ஆத்தூர்ப் பக்கமிருந்து கிழக்காகவும், ஓமலூர்ச் சமவெளியிலிருந்து மேற்காகவும் மக்கள் ஏறினர்.

இம்மலையில் முதற்பாதைகளை இட்டவர்கள் மலையாளிகள். பெயரைக் கேட்டதும் கேரளத்தை நினைத்துவிட வேண்டா. மலையில் வாழ்பவர், மலையை ஆள்பவர் என்ற பொருளில் வழங்கும் பெயர் இது. அவர்கள் பேசுவது தமிழே. தம் முன்னோர் காஞ்சியிலிருந்து வந்தவர்கள் என்பது அவர்தம் வாய்மொழி மரபு. உடன்பிறந்தார் மூவர் கரிராமன் என்னும் தம் தெய்வத்தோடு காஞ்சியை விட்டுப் புறப்பட்டனராம். மூத்தவர் சேர்வராயன் மலையிலும், நடுவர் பச்சைமலையிலும், இளையவர் கொல்லிமலையிலும் ஏறிக் குடியமர்ந்தனராம். ஆகவே சேர்வராயன் மலையினர் பெரியண்ணன் வழியினர். எட்கர் தர்ஸ்டன் 1909ஆம் ஆண்டு ஏழு தொகுதிகளாக வெளியிட்ட தென்னிந்தியக் குலங்களையும் பழங்குடிகளையும் பற்றிய நூலில் இம்மரபு பதிவாகியுள்ளது. அதற்கு முன்னரே மலைமக்களின் நினைவில் அது வேரூன்றியிருந்தது.

வரலாற்றாசிரியர் இக்கதைக்கு ஆண்டும் சான்றும் தேடுவர், தேடட்டும். நம் கருத்தைக் கவர்வது வேறொன்று. ஒரு மக்கள் தாம் யார் என்று சொல்ல முற்படும்போது ஒரு நீண்ட நடையைச் சொல்கின்றனர். விடுதலைப் பயணத்தைத் தலைமுறை தலைமுறையாகப் பிள்ளைகளுக்குச் சொல்லிவந்த மக்களின் திருநூலைப் படித்து வளர்ந்த நமக்கு இது புதிய செய்தியன்று. அண்ணன் தம்பியர் மூன்று மலைகளிலும் பிரிந்த பிறகும் மலைக்கு மலை உறவு அறவில்லை. இடையே கிடந்த சமவெளியை நடந்து கடந்தே அவ்வுறவு காக்கப்பட்டது.

மலையின் மேலும் வாழ்க்கை நடையால் பின்னப்பட்டதே. சேல நாடு, முட்ட நாடு, மோக நாடு என்று மூன்று நாடுகளாக மலையூர்கள் பகுக்கப்பட்டிருந்தன. நாகலூர், மஞ்சக்குட்டை, வெள்ளக்கடை, வாழவந்தி, செம்மநத்தம், மாரமங்கலம், காக்கம்பாடி, கிளியூர் என ஊர்ப்பெயர்களைச் சொல்லிக்கொண்டே போகலாம். ஒவ்வோர் ஊருக்கும் அடுத்த ஊருக்கும் இடையே ஓர் ஒற்றையடிப் பாதை உண்டு. பெண் கேட்கப் போனதும், சாவுச் செய்தி சொல்லப் போனதும், நாட்டுக்கூட்டத்திற்கு வழக்கோடு போனதும் அப்பாதையில்தான். தினையும் சாமையும் கேழ்வரகும் விளைத்தவர்கள் உப்புக்கும் துணிக்கும் சமவெளிச் சந்தைக்கு இறங்கினர். சுமையோடு மீண்டும் ஏறினர். சக்கரம் ஏறாத நிலத்தில் தலையும் தோளுமே வண்டி.

சில ஆண்டுகளுக்கு முன் நாங்கள் நால்வர், மலையூர்ப் பெரியவர் ஒருவர் வழிகாட்ட, இப்பாதைகளுள் ஒன்றில் ஒரு பகல் முழுதும் நடந்தோம். அடிவாரத்தில் முட்புதரும் வெயிலும். சற்று ஏறியதும் மூங்கில். மேலே போகப் போகக் காப்பித் தோட்டங்களும் அவற்றுக்கு நிழல் தரும் சில்வர் ஓக் மரங்களும், அம்மரங்களைப் பற்றி ஏறிய மிளகுக் கொடிகளும். தோட்டங்களுக்கு இடையே ஓடைப் பள்ளங்களில் மட்டும் பழைய காட்டின் மிச்சம் இருள் கவிந்து நின்றது. சமவெளிச் சாலைகளில் நம் முன்னோர் சுமைதாங்கிக் கல் நட்டதை அறிவோம்; இங்கே இடுப்பளவு உயர்ந்த ஒரு பாறை விளிம்பைக் காட்டி, 'இதுதான் சுமை இறக்குற எடம்' என்றார் பெரியவர். பலர் சுமை வைத்து வைத்து அவ்விளிம்பு வழவழப்பாகத் தேய்ந்திருந்தது. அதற்குச் சற்றுத் தொலைவில் பாதை ஒரு தோட்டத்துக் கம்பிவேலியில் முட்டி நின்றது. பெரியவர் ஒன்றும் சொல்லாமல் வேலியோரமாகவே எங்களை அழைத்துச் சென்றார். முன்பு கால்மணி நேரத்தில் கடந்த இடத்தை ஒரு மணி நேரம் சுற்றிக் கடந்தோம்.

அவ்வேலியின் கதையைச் சொல்லுமுன், நம் மறைவரலாறும் இம்மலையின் அடிவாரத்தை நடந்தே வந்தடைந்தது என்பதைக் குறிப்பிட வேண்டும். தத்துவ போதகர் என்று தமிழர் அழைத்த இராபர்ட் தெ நோபிலி 1623ஆம் ஆண்டு மதுரையை விட்டுத் துறவிக் கோலத்தில் வடதிசை நோக்கி நடந்தார். கொல்லிமலை அடிவாரத்துச் சேந்தமங்கலத்தில் இராமச்சந்திர நாயக்கர் அவரை வரவேற்றார். அங்கிருந்து சேலம் வந்தபோதோ தங்குவதற்கு இடம் தருவார் இன்றித் துன்புற்றார். வடக்கே நிமிர்ந்து பார்த்திருந்தால் சேர்வராயன் மலை அவர் கண்முன் நின்றிருக்கும். அவர் நடை சமவெளியோடு நின்றது. மலைக்கு மறைபணியாளர் ஏறியது இரண்டு நூற்றாண்டுகளுக்கும் பிற்பாடு, காப்பிச் செடியின் பின்னால்.

சேலம் ஆட்சியராக 1820 முதல் 1829 வரை பணியாற்றிய காக்பர்ன் என்பவர் இம்மலையில் காப்பியையும், பேரி, ஆப்பிள் முதலிய பழமரங்களையும் கொண்டுவந்து வைத்தார். கிரேஞ்ச் தோட்டம் அவ்வாறு தோன்றியது. ஏற்காட்டின் தந்தை என்று அவரைப் போற்றுவோர் உளர். காக்பர்ன் என்பது ஸ்காத்லாந்துக் குடும்பப் பெயர். அந்நாட்டைப் பற்றிப் பின்னர்ப் பேச இருப்பதால் இதை இங்கே நினைவில் வைத்துக்கொள்வோம். ஓர் ஊர் தோன்றுவதற்குப் பல்லாயிரம் ஆண்டு முன்னரே அங்கே மக்கள் வாழ்ந்திருக்க, செடி நட்டவரைத் தந்தை என்பது எவ்வாறு பொருந்தும் என்று கேட்கத் தோன்றுகிறது. தோட்டத்துக்குத் தந்தை என்றால் மறுப்பதற்கில்லை.

காப்பி வந்தபின் துரைமார் வந்தனர், துரைசாணிமார் வந்தனர், அவர்தம் பிள்ளைகளும் பெட்டிகளும் வந்தன. வண்டிச்சாலை இல்லை. குதிரையேற்றம் அறிந்தவர் மட்டக்குதிரையில் ஏறினர். மற்றவர் டோலியிலும், நீள்கழிகள் கட்டிய நாற்காலியிலும் அமர்ந்து, மனிதர் தோளில் ஏறினர். 1860களின் தொடக்கத்தில் இருப்புப்பாதை சேலத்தைத் தொட்டதும் சென்னையிலிருந்து வருவோர் பெருகினர். தோள்களுக்கு வேலையும் பெருகியது. செங்குத்தான ஏற்றத்தில், மழையிலும் பனியிலும், ஆயிரத்துக்கும் மேற்பட்ட மீட்டர் உயரம் ஒரு மனிதனைச் சுமந்துகொண்டு ஏறுவது எத்தகைய உழைப்பு என்பதை, வெறுங்கையோடு ஏறிப் பார்த்தவரே ஓரளவு உணர முடியும். மேலிருந்து காப்பி மூட்டை இறங்குவதற்கும் வேறு வழி இல்லை. மனிதத் தலையும் பொதிவிலங்கும்தாம் அதை இறக்கின.

ஏற்காட்டில் சுற்றுலாப் பயணிகள் தவறாது காணும் இடங்களின் பெயர்களைக் கவனித்திருக்கிறோமா? லேடீஸ் சீட், ஜென்ட்ஸ் சீட், சில்ரன்ஸ் சீட். சீமாட்டியர் அமர்ந்த இருக்கை, சீமான்கள் அமர்ந்த இருக்கை, குழந்தைகள் அமர்ந்த இருக்கை! மாலை வேளையில் பாறைமேல் அமர்ந்து சேலத்தின் விளக்குகளைப் பார்த்தவர்களுக்கு இடம் பெயராகிவிட்டது. அவர்களை அங்கே சுமந்து கொண்டுவந்து இறக்கியவர்கள் நின்ற இடத்திற்கு எவரும் பெயரிடவில்லை. பகோடா பாயின்ட் மட்டுமே சற்று விலக்கு. அங்குள்ள கற்குவியல்கள் மலைமக்கள் அடுக்கியவை. கீழே தெரிவது அவர்களுடைய காக்கம்பாடி. அருகே இராமர் கோவில். ஆனால் அதற்கும் பெயரிட்டவர் பார்க்க வந்தவரே.

வேலிக்கு வருவோம். காப்பி பரவப் பரவ, ஊருக்கும் ஊருக்கும் இடையே கிடந்த நிலம் தோட்டமாயிற்று. தோட்டத்திற்கு எல்லை உண்டு. எல்லைக்குக் காவல் உண்டு. 1882ஆம் ஆண்டு வந்த சென்னை வனச்சட்டம் சரிவுகளின் காடுகளை அரசின் காப்புக்காடுகள் ஆக்கியது. தமக்கு அங்கே உரிமை உண்டென எண்ணுவோர் குறித்த காலத்திற்குள் அதிகாரி முன் வந்து முறையிட வேண்டும் என்றது சட்டம். எழுத்தறியா மலைமகன் ஒருவன், தன் பாட்டனார் நடந்த வழியில் தானும் நடப்பதற்கு விண்ணப்பம் தர வேண்டுமென்று எங்ஙனம் அறிவான்? பாதை நிலத்தில் இருந்தது; ஏட்டில் இல்லை. ஏட்டில் இல்லாதது மெல்ல மெல்ல நிலத்திலும் இல்லாமல் போயிற்று. பிற்காலத்தில் மேட்டுநிலத்தின் ஒரு பகுதியை பாக்சைட் சுரங்கங்களும் தோண்டி எடுத்தன. 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் வரும்வரை, மரபாக அனுபவித்துவந்த உரிமை என்ற சொல்லே மலைமக்களுக்குச் சட்டத்தில் வாய்க்கவில்லை எனலாம்.

வந்தவர் அனைவரையும் ஒரே தராசில் நிறுத்துவது நேர்மையாகாது. ஏற்காட்டில் தம் இறுதி நாள்களைக் கழித்த இருவர் தமிழர் நன்றிக்குரியவர், இருவரும் உறவினர். பீட்டர் பெர்சிவல் நம் சபையினர் அல்லர். மெதடிஸ்டாக யாழ்ப்பாணம் வந்து பின்னர் ஆங்கிலிக்கன் குருவானவர். யாழ்ப்பாணத்தில் ஆறுமுக நாவலரின் துணைகொண்டு திருவிவிலியத்தைத் தமிழில் பெயர்த்தார். சென்னையில் 1855ஆம் ஆண்டு தினவர்த்தமானி என்னும் இதழைத் தொடங்கினார். தமிழ்ப் பழமொழிகளை ஆயிரக்கணக்கில் திரட்டி நூலாக்கினார். அத்தகைய மொழித்தொண்டர் 1882ஆம் ஆண்டு ஏற்காட்டில் கண்மூடினார் என்பதை மலைக்குச் செல்லும் தமிழருள் எத்தனை பேர் அறிவர்?

மற்றவர் பெர்சிவலின் மருகர் இராபர்ட் புரூஸ் ஃபூட். 1858ஆம் ஆண்டு இந்திய நிலவியல் ஆய்வுத் துறையில் சேர்ந்து முப்பத்துமூன்று ஆண்டுகள் தென்னாட்டை நடந்தும் குதிரையேறியும் ஆராய்ந்தவர். 1863ஆம் ஆண்டு மே 30ஆம் நாள் பல்லாவரத்தில் அவர் கண்டெடுத்த ஒரு கற்கருவி இந்தியாவின் பழைய கற்காலத்திற்குக் கதவு திறந்தது. ஓய்வுக்குப் பின் ஏற்காட்டைத் தம் இல்லமாகக் கொண்டார். இம்மலையில் அவருக்கும் பிறருக்கும் கிடைத்தவை வழவழப்பாகத் தீட்டப்பட்ட புதிய கற்காலக் கோடரிகள். மலைமக்கள் அவற்றைக் கண்டெடுத்து மரத்தடிக் கோவில்களில் பிள்ளையாரோடு வைத்து வழிபட்டுவந்தனர். தங்கள் கோடரி அல்ல அது, தங்களுக்கு முன்னே இங்கு நடந்தவர் எவரோ விட்டுச்சென்றது என்று உணர்ந்து போற்றினர் போலும். காப்பிக்கும் கரிராமனுக்கும் முற்பட்ட கால்கள் இம்மலையில் ஏறியிருக்கின்றன என்பதற்கு அக்கற்களே சாட்சி. ஃபூட் தாம் வாழ்நாளெல்லாம் திரட்டியவற்றை 1904ஆம் ஆண்டு சென்னை அருங்காட்சியகத்திற்குக் கொடுத்தார். 1912ஆம் ஆண்டு கல்கத்தாவில் இறந்த அவருடைய சாம்பல் ஏற்காட்டின் பரிசுத்த திரித்துவ ஆலய வளாகத்திற்குக் கொண்டுவரப்பட்டது. நினைவுக்கல் இன்றும் அங்குள்ளது. காலால் நடந்து நிலத்தைப் படித்தவர் என்பதால் இவரிடம் நமக்கு ஒரு தனி மதிப்பு. எனினும் அவருடைய கற்பெட்டிகளும் எவரோ ஒருவர் தோளில்தானே மலையேறியிருக்க வேண்டும்?

இனி நம் இல்லத்திற்கு வருவோம். பிறருடைய நினைவுக்கற்களைக் குறை கூறிவிட்டு நம் கணக்கை மறைப்பது முறையாகாது. குளூனி புனித சூசையப்பர் சபைக் கன்னியர் 1894ஆம் ஆண்டு ஏற்காட்டில் திருஇருதயப் பள்ளியைத் தொடங்கினர். புனித கபிரியேல் சகோதரர்கள் 1917ஆம் ஆண்டு மான்ஃபோர்ட் பள்ளியை நிறுவினர். சேலம் தனி மறைமாவட்டம் ஆனது 1930ஆம் ஆண்டில். முதல் ஆயர் ஹென்றி புருனியே, பாரிசு வேதபோதக சபையைச் சேர்ந்தவர். அதற்கு முன் நிறுவப்பட்ட இப்பள்ளிகளில் தமிழகத்தின் பல பகுதிகளிலிருந்தும் பிள்ளைகள் வந்து பயின்றனர். எத்தனையோ குடும்பங்களை உயர்த்திய கல்வி அது. அதை நன்றியோடே எழுதுகிறோம்.

ஆயினும் எண்ணிப் பாருங்கள். கன்னியர் மலையேறிய ஆண்டில் வளைவுச்சாலை இல்லை. சக்கர வண்டி செல்லும் சாலை வந்தது இருபதாம் நூற்றாண்டின் தொடக்கப் பகுதியில். ஆகவே பலிபீடப் பொருள்களும், பள்ளியின் பலகைகளும், அடுக்களைப் பாத்திரங்களும், விடுதிப் பிள்ளைகளின் தகரப் பெட்டிகளும் பழைய பாதையில் மனிதர்களால் சுமக்கப்பட்டே மேலே சென்றிருக்க வேண்டும். நம் யூபிலி மலர்களைப் புரட்டுகிறோம். நிறுவியோர் பெயர் உண்டு; தலைவியர் வரிசை உண்டு; நன்கொடையாளர் படம் உண்டு. நடத்தல் துறவியரின் தவம் என்று எழுதுகிறோம், சரியே. சுமத்தல் எவருடைய தவம் என்று எழுதினோமா? ஒரு கூலிக்கணக்கேனும் நம் இல்லங்களின் பழைய பேரேடுகளில் கிடக்கலாம். அதில் பெயர்கள் இருந்தால் அவற்றைப் படியெடுத்து அடுத்த மலரில் அச்சிடலாமே. பங்கு வரலாறு எழுத முன்வரும் இளைஞர்களுக்கு இதைவிட நல்ல வேலை ஒன்றை நாம் காட்ட இயலாது.

மான்ஃபோர்ட் என்ற பெயரிலேயே ஒரு நடை ஒளிந்திருக்கிறது. அப்பள்ளிக்குப் பெயர் தந்த புனித லூயி மரி தெ மான்ஃபோர்ட் 1706ஆம் ஆண்டு பிரான்சு நாட்டிலிருந்து உரோமைக்கு நடந்தே சென்று திருத்தந்தை பதினோராம் கிளமெந்தைக் கண்டவர். 1947ஆம் ஆண்டு புனிதர் பட்டம் பெற்ற அந்த நெடுநடையரின் பெயர் தாங்கிய பள்ளியின் வாயிலில் இன்று வாகனங்கள் வந்து நிற்கின்றன. காலம் அப்படி, அதில் பிழை காண்பதற்கில்லை. மலையில் நோயுற்றவருக்கும் பேறுகாலப் பெண்ணுக்கும் சாலை உயிர் காக்கும் பொருள். சாலை இல்லாத மலையூர்களிலிருந்து நோயாளியைத் தூளி கட்டித் தூக்கிவரும் செய்தி இந்நூற்றாண்டிலும் நம் மாநில நாளேடுகளில் வருகிறது. பழைய பாதையைப் போற்றுகிறோம் என்று சொல்லிச் சாலையைப் பழிப்பவர், அத்தூளியின் ஒரு முனையைத் தம் தோளில் வைத்துப் பார்க்க வேண்டும்.

பழைய பாதையைச் சாலையோடு பகையாக்காமல் காப்பதற்கு வழி உண்டா? காக்பர்ன் குடும்பத்தின் மூதூராகிய ஸ்காத்லாந்தில் அதற்கொரு முயற்சி நடந்தது. அங்கே மேற்கு மலைநாட்டு நெடுவழி என்னும் நடைவழி 1980ஆம் ஆண்டு அக்டோபரில் திறக்கப்பட்டது. கிளாஸ்கோ நகரை அடுத்த மில்கை என்னும் ஊரில் தொடங்கி, லோமண்டு ஏரியின் கரையோரமாகக் காடுகளினூடே சென்று, ரானக் என்னும் சதுப்புவெளியைக் கடந்து, கிளென்கோ பள்ளத்தாக்கின் வாயிலைத் தொட்டு, ஃபோர்ட் வில்லியத்தில் முடியும் 154 கிலோமீட்டர் பாதை அது. ஏழெட்டு நாள்களில் நடந்து முடிக்கின்றனர். புதிதாக வெட்டிய பாதையன்று. மாடுகளைச் சந்தைக்கு ஓட்டிச் சென்றவர்களின் தடங்களையும், பதினெட்டாம் நூற்றாண்டில் மலைநாட்டுக் கிளர்ச்சிகளை அடக்குவதற்கு அரசு இட்ட படைச்சாலைகளையும் தேடி எடுத்து ஒன்றாக இணைத்தனர். 2003ஆம் ஆண்டு இயற்றிய நிலச்சீர்திருத்தச் சட்டம், பொறுப்போடு நடப்பவர் எவருக்கும் பெரும்பாலான நிலங்களில் நடக்கும் உரிமையை உறுதி செய்தது. தனியார் தோட்டமாயினும் வழிப்போக்கனைக் காரணமின்றித் தடுக்கலாகாது.

இதைப் படிக்கும்போது நமக்கு ஏக்கம் வருவது இயல்பு. ஆனால் அந்நெடுவழியின் பள்ளத்தாக்குகள் பல ஏன் அவ்வளவு அமைதியாக இருக்கின்றன என்பதையும் கேட்க வேண்டும். பதினெட்டு, பத்தொன்பதாம் நூற்றாண்டுகளில் நிலக்கிழார்கள் ஆட்டுப்பண்ணைக்காக மலைநாட்டுக் குடியானவர்களை ஊர் ஊராக வெளியேற்றினர். பலர் கப்பலேறிக் கனடாவுக்கும் பிற நாடுகளுக்கும் போயினர். இன்று நடப்போர் இரசிக்கும் தனிமையில் இடிந்த வீடுகளின் கற்சுவர்களும் உண்டு. அங்கே பாதை மீண்டது. பாதையை இட்டவர்கள் மீளவில்லை. சேர்வராயன் மலையிலோ பெரியண்ணன் வழியினர் இன்றும் தம் ஊர்களிலேயே வாழ்கின்றனர். ஏற்காடு சட்டமன்றத் தொகுதி பழங்குடியினர்க்கென ஒதுக்கப்பட்டுள்ளது. மாநிலத்தில் அவ்வாறு ஒதுக்கப்பட்ட மற்றொன்று சேந்தமங்கலம், இளைய தம்பியின் மலையடிவாரம். ஆகையால் இங்கே பாதையை மீட்பதென்றால் கேட்டறிவதற்கு ஆள்கள் உள்ளனர். எந்த ஓடையை எங்கே கடப்பது, எந்தப் பாறையில் சுமை இறக்குவது என்பதை வரைபடம் இன்றியே அறிந்த கடைசித் தலைமுறை இன்னும் நம்மிடையே இருக்கிறது. அது மறைவதற்குள் கேட்க வேண்டும்; அவர்கள் இசைவின்றி எதுவும் செய்யலாகாது. வெளியாருக்கு அழகிய நடைவழி அமைத்து, ஊராரை அதன் ஓரத்தில் நிறுத்துவதாயின் அது இன்னொரு தோட்டவேலியே ஆகும்.

தமிழ்நாடு அரசு 2024ஆம் ஆண்டு அக்டோபரில் வனத்துறையின் வழியாக மலைநடைத் திட்டம் ஒன்றைத் தொடங்கியது. பதினான்கு மாவட்டங்களில் நாற்பது நடைவழிகள். சேலமும் அவற்றில் ஒன்று. வழிகாட்டிகளாகக் காட்டோரப் பழங்குடி இளைஞர்களைத் தெரிந்து பயிற்சி அளித்துள்ளனர். இது எவ்வளவு தூரம் செல்லும் என்று பொறுத்திருந்து பார்க்கலாம். ஒன்று மட்டும் நம் மனத்திற்கு உவப்பாக இருக்கிறது: முன்னே நடப்பவன் மலைமகன்; பின்னே நடப்பவர் தம் பையைத் தாமே சுமக்கிறார்.

மே மாதத்தில் சேர்வராயன் கோவில் திருவிழா வருகிறது. முகட்டின் குகைக்கோவிலில் சேர்வராயனும் காவேரியம்மனும் வீற்றிருக்க, மலையூர்களிலிருந்து மக்கள் திரள்வர். அன்று சாலையெங்கும் வாகனங்கள் நிறைந்திருக்கும். ஆயினும் சில ஊரார் இன்னும் தோட்டங்களின் ஓரமாகவும் ஓடைகளைத் தாண்டியும் குறுக்குவழியில் நடந்தே முகட்டை அடைகின்றனர். எந்த வழி என்று கேட்டால், முன்னே போகும் பாட்டியின் பின்னால் வாருங்கள் என்பர்.